இடது பக்கத்துச் சீட்

வாங்க தம்பி. காரைப் பாக்க வந்தவருதானுங்களே? ஓசூர்தானே? பதினொரு மணிக்கு வர்றதாச் சொன்னாங்க, இப்ப மணி பத்துதான் ஆவுது. பரவால்லீங்க, உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காருங்க. அவ வீட்ல இல்லை. ஆர்.சி. புக்கை ஜெராக்ஸ் எடுக்கோணும்னு போயிருக்கா. மூலைக்கடையில மெஷின் ரிப்பேர்னா வடவள்ளி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போகோணும். வந்துருவா. அதுக்குள்ள நாம ரெண்டு பேரும் கொஞ்சம் பேசிக்கலாம்.

நான் யாருன்னு பாக்கறீங்களா? அதுவுஞ் சரிதான். வெளம்பரத்துல எம்பேரு எங்கீங்க இருக்குது? வசந்தாமணி, போன் நம்பர், வடவள்ளி, கோயமுத்தூர். முடிஞ்சது. நான் அவ புருசனுங்க. சென்னியப்பன். ஒம்பது வருசம் இந்த வண்டிக்கு அடியில படுத்துக் கெடந்த ஆளு. என்ற மீசையில பாதி இந்த வண்டிக்கு அடியிலதான் நரைச்சுது.

மொதல்லயே சொல்லிப்போடறேன் தம்பி. இந்த வண்டி உங்களுக்கு வேண்டாமுங்க. வெள்ளைக்காரன் அவன் ஊர்க் குளுருக்குப் பண்ணுன வண்டி. நம்ம வெயில்ல ரெண்டு சிக்னல் நின்னா, எஞ்சின் சூடு கால் வழியா ஏறி மண்டைக்கு வந்துரும். ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. மழை வந்தா, ஹூட்டை, அதானுங்க மேல போடற துணிக் கூரைய, இழுத்து மாட்டறதுக்குள்ள தொப்பமா நனைஞ்சிருப்பீங்க. ரெண்டு பேருக்குத்தான் எடம். கலியாணம் ஆயிருச்சுங்களா? கொழந்தை? ஒண்ணா? பாத்தீங்களா, கொழந்தைய எங்க உக்கார வெப்பீங்க? வேண்டவே வேண்டாம்.

எந்திரிச்சுட்டீங்களே. பாருங்க, பாருங்க. பாக்கறதுக்கென்ன. இருங்க, கவரை நான் எடுக்கறேன். சுண்டி இழுக்கக் கூடாது, பெயிண்டுல கோடு விழுந்துரும். ம். பாட்டில் பச்சை. வெயில்ல ஒரு மாதிரி, நெழல்ல ஒரு மாதிரி இருக்கும்.

கைப்பிடியத் தேடறீங்களா? கிடையாதுங்க! கதவுக்கு வெளிப்பக்கம் கைப்பிடியே வெக்கலை அவன். உள்ள கைய விட்டா கதவுல ஒரு பை இருக்கும், பைக்குள்ள ஒரு கயிறு இருக்கும். அதைச் சுண்டோணும். தெரிஞ்சவனுக்கு அரை நிமிசம். தெரியாதவங்க வெளியிலயேதான் நிக்கோணும்.

என்ன, துருவா? எங்கீங்க? அது துரு இல்லீங்க, வேப்பமரத்து நெழலு. இந்த வண்டியில ஒரு பொட்டுத் துரு காட்டுங்க, நான் மீசைய எடுத்துடறேன். தரைத் தகடு பூராப் புதுசு. பிரேக்கு பூராப் புதுசு. ரெண்டு கார்புரேட்டரையும் நானே கழட்டி, நானே மாட்டி, காதை வெச்சுக் கேட்டு ஒண்ணு போல மூச்சு விட வெச்சேன். சக்கரத்துக் கம்பி எண்ணிப் பாருங்க, ஒண்ணு வளைஞ்சிருக்காது. இங்க கணபதி ஏரியாவுல ஒரு லேத்துக்காரரு, அவருகிட்ட ஒடஞ்ச பீஸைக் காட்டுனா போதும், சாயங்காலம் புதுசு வந்துரும். இங்கிலாந்துலயே இந்த மாதிரி வண்டி இப்ப இருக்காதுங்க.

சரி, என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆமா. வேண்டாமுங்க இந்த வண்டி.

நீங்க வெளம்பரத்துல பாத்தீங்களே போட்டோ, அது எடுத்தது யாரு தெரியுமா? நான். போன மாசம் ஒரு நாள் காத்தால காப்பி குடுக்கும்போது சொல்றா, "ஏனுங்க, பாப்பா வண்டி போட்டோ கேக்கறா. பெங்களூரு வீட்டுல ஃப்ரேம் போட்டு மாட்டோணுமாம்"னு. பாப்பான்னா எங்க பொண்ணு நித்திலா. ஒரே பொண்ணு. அப்பன் பண்ணுன காரைப் பொண்ணு சுவத்துல மாட்டப் போறாளே, நான் என்ன நெனைப்பேன்? ரெண்டு நாளு பாலீஷ் போட்டேன் தம்பி. பழைய டூத் பிரஷ்ஷை வெச்சுச் சக்கரத்துக் கம்பியெல்லாம் தேச்சேன். வெயில் சரியா விழோணும்னு காத்தால ஆறரைக்கு வேப்பமரத்தடிக்குத் தள்ளிட்டு வந்தேன். முன்னாடி இருந்து, பின்னாடி இருந்து, பானட்டைத் தொறந்து வெச்சு, இருவத்தி மூணு போட்டோ. இவ கொடை புடிச்சுட்டு நின்னா, கண்ணாடியில வெயில் அடிக்கக் கூடாதுன்னு.

அது போதாதுன்னு ஒரு வாரம் கழிச்சு இன்னொண்ணு கேக்கறா. "நீங்க செஞ்ச வேலையெல்லாம் வரிசையா எழுதிக் குடுங்க, மறந்து போயிரும்"னு. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. ஒம்பது வருசத்துல ஒரு நாளாச்சும் என்ன வேலை பண்றீங்கன்னு கேட்டவளா? எட்டுப் பக்கம் எழுதுனேன். நானே போட்டோ புடிச்சு, நானே எழுதி, என்ற காருக்கு நானே வெளம்பரம் பண்ணியிருக்கேன் தம்பி! இந்த ஊருல எவனுக்காச்சும் இப்பிடி நடந்திருக்குமா?

எனக்கு எப்பிடித் தெரிஞ்சுதுன்னா, எங்க பழைய கார் கிளப்புல பிரசிடெண்டு வெங்கிடபதி சார் வாட்ஸப்புல அனுப்புனாரு. "என்ன சென்னியப்பன், விக்கறீங்களாமே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே"ன்னு. தொறந்து பாக்கறேன், வேப்பமரம். எங்க வீட்டு வேப்பமரம். அந்த நிமிசம் என்ற நெஞ்சு எப்பிடி இருந்துச்சுன்னு உங்களுக்குச் சொல்லத் தெரியலை. கூடவே படுத்து எந்திரிக்கறவ. முப்பத்தி ரெண்டு வருசம். துரோகமுங்க. வேற வார்த்தை கிடையாது. பொண்ணும் கூட்டு. அவதான் கம்ப்யூட்டர்ல ஏத்தி விட்டிருக்கா.

விக்கக் கூடாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுதேன்னு நீங்க கேக்கலாம். அங்கதானுங்க என்ற தலையில நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டேன்.

வண்டி கெடைச்சப்ப நான் சர்வீஸ்ல இருந்தேன், கெவர்மெண்டுல இன்ஜினியர். கெவர்மெண்டு ஆளு ஒரு கார் வாங்குனா மேல எழுதித் தெரியப்படுத்தோணும். அதுவும் வெளிநாட்டுக் காரு, மேல கூரை இல்லாத காருன்னா, ஆபீஸ்ல கண்ணு காது மூக்கு வெச்சுப் பேசுவானுங்க. சென்னியப்பனுக்கு எங்க இருந்து வந்துதுன்னு நாளைக்கே ஒரு மொட்டைக் கடுதாசி போகும். அதனால எல்லாரும் பண்றதைத்தான் நானும் பண்ணுனேன். இவ பேருக்கு மாத்தீட்டேன். இவளுக்குத் தையல் வருமானம் இருந்துச்சு, கணக்கும் ஒழுங்கா இருந்துச்சு. பாரத்தை நீட்டி இங்க கையெழுத்துப் போடுன்னேன். போட்டா. என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்கலை. அப்ப அவ கேக்காம போட்டா. இப்ப என்னையக் கேக்காம போடப் போறா. நான் ரிட்டயர் ஆயி மூணு வருசமாச்சு, எம்பேருக்கு மாத்தியிருக்கலாம். தோணவே இல்லீங்க. எம்பொண்டாட்டி பேருல இருந்தா அது எம்பேருதானே?

வண்டி கெடைச்ச கதை கேக்கறீங்களா? கோத்தகிரியில ஒரு சொந்தக்காரங்க கலியாணம். நானும் இவளும் பைக்குல போறோம். பாதி வழியில மழை புடிச்சுக்குச்சு. ஒரு எஸ்டேட்டு ஓரத்துல தகரக் கொட்டாய், ஒதுங்குனோம். உள்ள வைக்கோலும் மூட்டையுமா இருக்குது. இவதான் "ஏனுங்க, இதுக்கடியில காரு இருக்குது"ன்னா. மொதல்ல பாத்தது அவதான், அதை நான் இல்லேங்கலை. சீட்டுப் பஞ்சுக்குள்ள கோழி முட்டை வெச்சிருந்துச்சு. இவ கைய விட்டு நாலு முட்டை எடுத்தா. முந்தானையில வெச்சுக்கிட்டு சிரிக்கறா, அப்பிடிச் சிரிச்சா. நான் சொன்னேன், "இதை வாங்கி ஓட வெக்கறேன் பாரு. மொத ரவுண்டு நீயும் நானும் இதே கோத்தகிரிக்கு வாறோம்"னு. மழையில நனைஞ்ச எவனும் என்னமாச்சும் சொல்லத்தானுங்க செய்வான்.

இந்த ஷெட்டு இருக்குது பாருங்க. அந்தக் காலத்துல இவ தையல் மெஷின் போட்டிருந்த எடம். நாலு மெஷின், நாலு பொம்பளைங்க வந்து தெச்சுட்டுப் போவாங்க. ரவிக்கை, பள்ளிக்கூட யூனிபாரம், சத்தம் தாங்காது. வண்டி வந்ததும் ரெண்டு மாசத்துக்கு ஒதுங்கிக்கன்னு சொன்னேன். ரெண்டு மெஷினை வித்துட்டா, மீதி ரெண்டு வீட்டுக்குப் பின்னாடி இடுக்கு நடையில கெடக்குது. அங்க வெளிச்சம் பத்தலைன்னு சொல்லிட்டே இருப்பா. டியூப் லைட் வாங்கி மாட்டிக் குடுத்தேன். ரெண்டு மாசம் ஒம்பது வருசமாச்சு, வேலைன்னா அப்பிடித்தான். இப்ப என்ன காரணம் சொல்றாங்கறீங்க? "எனக்கு ஷெட்டு வேணும்." அவ்வளவுதான். ஷெட்டு! உலகத்துலயே நூறு வண்டிகூட இருக்காத ஒரு காரை, ஒரு ஷெட்டுக்காக!

உக்காந்து பாருங்க தம்பி, ஸ்டீரிங் பக்கம். எப்பிடி இருக்குது சீட்டு? தொட்டுப் பாருங்க. அரக்குக் கலர் தோலு. அந்தத் தையலைப் பாருங்க, ஒரு கோடு கோணியிருக்காது. எந்தக் கடையில பண்ணுனதுன்னா? கடையாவது. நாலு கடையில கேட்டேன், ஒருத்தனுக்கும் வரலை. கடைசியில வீட்டுலயே பண்ணுனது. இவதான் தெச்சா. டிசைன் என்னுதுங்க. பழைய போட்டோவப் பாத்து நான் பேப்பர்ல வரைஞ்சு குடுத்தேன், அவ தெச்சா. தோலுங்கறதால ஊசி போகாது, ரெண்டு வெரல்ல துணி சுத்திக்கிட்டுத் தெச்சா. ஏழு மாசம். ஹூட்டும் அவ தெச்சதுதான். கதவுப் பை, கயிறு, தரை விரிப்பு எல்லாம். தையல்ல அவ கெட்டிக்காரிங்க, சொல்லோணுமில்ல. ஆனா அது தையல்தானே? எஞ்சின் ஓடலைன்னா சீட்டுல உக்காந்து என்ன பண்றது?

போன பொங்கலுக்கு வண்டி ஓடுச்சு தம்பி. ஒம்பது வருசம் கழிச்சு. ஓடுன அன்னிக்கு லேத்துக்காரரை ஏத்திக்கிட்டு மருதமலை அடிவாரம் வரைக்கும் ஒரு ரவுண்டு. அவரு வேணுமில்ல, பக்கத்துல உக்காந்து கியர் சத்தம் கேக்கோணுமே. அப்புறம் பிரேக் பாக்கறதுக்கு மெக்கானிக்கு. பாப்பா வந்தப்ப அவளை உக்கார வெச்சு ரேஸ் கோர்ஸ் ரோட்டைச் சுத்திக் காட்டுனேன். மாசியில கிளப்பு ராலி வந்துச்சு. கோயமுத்தூர்ல இருந்து பொள்ளாச்சி போயித் திரும்போணும். அன்னிக்கு இவ வர்றதாத்தான் இருந்துச்சு. நானே கூப்புட்டேன், வா, பக்கத்துல உக்காருன்னு. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன்.

அதுக்குன்னு ஒரு சேலை எடுத்தா பாருங்க. ஒப்பணக்காரத் தெருவுல நாலு கடை ஏறி எறங்கி, காரு கலர்லயே பாட்டில் பச்சை, சீட்டுக் கலர்ல அரக்கு பார்டர். பெயிண்டு டப்பா மூடியக் கையில கொண்டு போயி வெச்சுப் பாத்து எடுத்திருக்கா. பைத்தியக்காரியான்னு நான் கேட்டேன். காத்தால அஞ்சு மணிக்கே கட்டிக்கிட்டு, தலைக்குப் பூ வெச்சுக்கிட்டு, வண்டிக்குச் சந்தனம் பொட்டு வெச்சு, நாலு எலுமிச்சம்பழத்தை எடுத்துட்டு வந்து நிக்கறா.

அந்த நேரம் பாத்து வெங்கிடபதி சார் போன் பண்றாரு. அவரு வண்டி மக்கர் பண்ணுதாம். உங்க வண்டியில நான் வாறேங்கறாரு. கிளப்புல பிரசிடெண்டு தம்பி. வேண்டாம்னு சொல்ல முடியுமா? நீங்களே சொல்லுங்க. ரெண்டு பேருக்குத்தான் எடம். இவகிட்ட சொன்னேன், அடுத்த தடவை பாத்துக்கலாம்னு. "பரவால்லீங்க"ன்னா. கோவம் கீவம் ஒண்ணும் இல்லை. அவளே குனிஞ்சு நாலு டயருக்கும் பழத்தை வெச்சா. நான் பழத்து மேல வண்டிய ஏத்திட்டுக் கெளம்பிட்டேன். கண்ணாடியில பாத்தேன், கேட்டுல நின்னுட்டிருந்தா. நல்ல கலருதான் அந்தச் சேலை, கண்ணாடியில அவளும் காரு மாதிரியே தெரிஞ்சா.

அன்னிக்குக் கப்பு வாங்குனேன் தம்பி. சிறந்த உள் வேலைப்பாடுன்னு. சீட்டுக்கும் ஹூட்டுக்கும் குடுத்தாங்க. எஞ்சினுக்குக் குடுத்திருக்கோணும், என்னமோ அவங்களுக்குச் சீட்டுதான் கண்ணுல பட்டுச்சு. மேடையில மைக்கைக் குடுத்து, எங்க பண்ணுனீங்கன்னு கேட்டாங்க. "வீட்டுலயே பண்ணுனதுங்க"ன்னேன். எல்லாரும் எந்திரிச்சுக் கை தட்டுனாங்க. எம்பேரைப் பொறிச்சுக் குடுத்திருக்காங்க, உள்ள இருக்குது, காட்டறேன். ஆனா அந்தக் கப்புல இவ இப்ப என்ன போட்டு வெச்சிருக்கா தெரியுமா? நூல்கண்டும் பட்டனும். கேட்டா, "வாய் அகலமா இருக்குது, எடுக்க சவுரியமா இருக்குது"ங்கறா. மரியாதை தெரியாத ஜென்மம்.

அப்புறம் கூப்புடவே இல்லையான்னு கேக்கறீங்களா? ஏனுங்க, கூப்புட்டேனே. இல்லை... கூப்புட்டேனா? பங்குனியில வெயில். சித்திரையில ரேடியேட்டரைக் கழட்டிப் போட்டிருந்தேன். வைகாசியில இவளுக்கு முட்டி வலி, டாக்டர்கிட்ட பஸ்ல போயிட்டு பஸ்ல வந்தா. இந்த வண்டியில ஏறி எறங்கறது முட்டிக்கு ஆகாதுன்னு நான்தான் சொன்னேன். அவ நல்லதுக்குத்தானே சொன்னேன்.

இதெல்லாம்கூட விடுங்க. அந்த வெளம்பரத்துல கடைசியில ஒரு வரி இருக்குது பாத்தீங்களா? என்ற எட்டுப் பக்கத்தையும் சுருக்கிப் போட்டுட்டு, கீழ அவளா ஒண்ணு சேத்திருக்கா. எனக்கு மனப்பாடமா இருக்குது. "இடது பக்கத்துச் சீட்டை நான் தெச்சேன். இதுவரை அதுல உக்காந்ததில்லை." இதை எதுக்குங்க போடோணும்? வாங்கறவனுக்கு இது எதுக்கு? எஞ்சின் சி.சி. கேப்பான், கியர் கேப்பான், இவ உக்காந்தாளா நின்னாளான்னா கேப்பான்? என்னைய அவமானப்படுத்தறதுக்குன்னே போட்டிருக்கா. பிரசிடெண்டு அதையும் படிச்சுட்டு, "மேடம் இன்னும் வண்டியில போகவே இல்லையா?"ன்னு கேக்கறாரு. அவருதானுங்க உக்காந்தாரு!

என்ன, அந்த வரியப் பாத்துத்தான் போன் பண்ணுனீங்களா? வேற எத்தனையோ வண்டி இருந்தும்? ஏனுங்க தம்பி... சரி விடுங்க. ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொண்ணு.

உங்ககிட்ட ஒண்ணு காட்டட்டுங்களா? யாருகிட்டயும் சொல்லக் கூடாது. இந்தாங்க, என்ற சட்டைப் பையில. இது ரோட்டார். கட்டைவெரல் அளவுதான், பாருங்க. தீப்பொறிய நாலு பிளக்குக்கும் பிரிச்சுக் குடுக்கறது இதுதான். இது இல்லைன்னா வண்டி எழவு வீட்டு மாடு மாதிரி நிக்கும், என்ன பண்ணுனாலும் கெளம்பாது. எந்த மெக்கானிக்கு வந்தாலும் ஒரு மணி நேரம் தேடுவான். இன்னிக்குக் காத்தால, அவ குளிக்கப் போன நேரம் பாத்துக் கழட்டிட்டேன்.

தப்புத்தான். தெரியுது. ஆனா அவ பண்ணுனது தப்பு இல்லையா? நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம் தம்பி. அவ வந்ததும் ஸ்டார்ட்டரை இழுங்க. கிர்ரு கிர்ருன்னு சுத்தும், புடிக்காது. "இல்லீங்கம்மா, வண்டி சரியில்லை, வேண்டாம்"னு சொல்லிட்டுக் கெளம்பிருங்க. உங்களுக்குப் பஸ் செலவு நான் தர்றேன். அடுத்த ஆளு வந்தா அப்பவும் இப்பிடியே. நாலு பேரு வந்து போனா அவளே விட்டுருவா. இது என்ற உசுரு தம்பி. ரிட்டயர் ஆனவனுக்குக் காத்தால எந்திரிச்சா போறதுக்கு ஒரு எடம் வேணுமில்ல? எனக்கு இந்த ஷெட்டுதான் எடம். இதை எடுத்துட்டா நான் எங்க போவேன்? அவளோட அந்த நடையில போயா உக்காருவேன்?

ஆமா, அவளும் அங்கதான் உக்காந்திருக்கா. அது வேற.

ஆட்டோ சத்தம் கேக்குது. வந்துட்டா. நான் சொன்னது ஞாபகம் இருக்கட்டும். எதுவும் பேசாதீங்க.

வா வசந்தா. ஓசூர்த் தம்பி அப்பவே வந்துட்டாரு. சும்மா பேசிட்டிருந்தோம். எல்லாம் காட்டியாச்சு. ஏம்மா, ஜெராக்ஸ் எடுக்கறதுக்கு எதுக்கு இந்தச் சேலை? விசேசமா? பூ வேற வெச்சிருக்கா பாருங்க. காத்தால கெளம்பும்போது நான் கவனிக்கலை. அன்னிக்கு ராலிக்குக் கட்டுனதுங்க தம்பி. அந்தப் பாட்டில் பச்சை.

என்னது? எங்க? ஒரு ரவுண்டா?

கேட்டீங்களா தம்பி? உங்களைத்தான் கேக்கறா. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி, உங்களோட ஒரு ரவுண்டு வரட்டுமான்னு கேக்கறா. ஏன் வசந்தா, எங்கிட்டக் கேட்டிருந்தா நான் கூட்டிட்டுப் போக மாட்டனா? முன்னப்பின்ன தெரியாத ஆளுகிட்டப் போயி... என்னைய எதுக்கு அப்பிடிப் பாக்கற? கேட்டியா? எப்பக் கேட்ட?

சரி. சரி, உக்காரு. தம்பி, நீங்க ஸ்டீரிங்குல உக்காந்துதானே இருக்கீங்க. அவ அந்தப் பக்கம் வரட்டும்.

ஏம்மா நின்னுட்டே இருக்கற? தொற. கைப்பிடியா? வெளியில கைப்பிடி இல்லம்மா. கதவை ஏன் தடவிட்டிருக்க? உள்ள கைய விடு. அங்க இல்லை, கீழ. பையில. நீ தெச்ச பைதானே அது. அதுக்குள்ள கயிறு இருக்கும், நீ தெச்சுக் குடுத்த கயிறுதான். அதைச் சுண்டோணும்... இவளுக்குத் தெரியலை தம்பி. எப்பிடித் தெரியும். நான் காட்டவே இல்லையே. இரு, நான் தொறக்கறேன். கை எடு. ம். உக்காரு. முட்டி பத்திரம், மெதுவா மடக்கு.

ஏன் ஓரமா உக்காந்திருக்க, டவுன் பஸ்ல உக்கார்ற மாதிரி? நல்லாச் சாஞ்சு உக்காரு. மடியில இருக்கற பையக் கீழ வையி. தையலையா தடவிப் பாக்கற? பிரியாது. அதெல்லாம் நீ நல்லாத்தான் தெச்சிருக்க. ம்ம். நல்லாத் தெச்சிருக்க வசந்தா.

தம்பி, சோக்கை இழுங்க. ஸ்டார்ட்டரை இழுங்க.

...இன்னொருக்கா இழுங்க.

என்னைய எதுக்குங்க பாக்கறீங்க? நான் என்ன பண்றது. பழைய வண்டி. அப்பிடித்தான், சில நாளு கெளம்பாது. இன்னொருக்கா... இல்லைங்க, போதும், பேட்டரி போயிரும்.

என்னம்மா? என்ன சொன்ன?

பரவால்லையா?

அன்னிக்கும் இதேதான் சொன்னா தம்பி. கேட்டுல நின்னுக்கிட்டு. அதே சேலை, அதே "பரவால்லீங்க". நான்தான் கோவம் இல்லைன்னு நெனைச்சுட்டேன். இருங்க, எறங்க வேண்டாம். வசந்தா, எறங்காத. கயிறைத் தேடாத. உக்காருன்னு சொல்றேன்.

பானட்டைத் தொறங்க தம்பி. டேஷ்போர்டுக்குக் கீழ ஒரு பிடி இருக்கும். ஆங், அதுதான். நான் பாத்துக்கறேன். ஒரு நிமிசம். நீங்க எறங்க வேண்டாம், எனக்குத் தெரியும் எங்கன்னு. இந்த மூடிய எடுத்து... இதை இப்பிடி வெச்சு... ஒரே பக்கமாத்தான் உக்காரும்... ஆச்சு. எங்க இருந்து எடுத்தேன்னு அவ பாத்துட்டா. பாக்கட்டும். திட்டுனாக்கூடத் தேவலை.

இப்ப இழுங்க.

கேட்டீங்களா? அதானுங்க சத்தம்.

போயிட்டு வாங்க. கேட்டை நான் தொறக்கறேன். எங்க போறதா? அவளைக் கேளுங்க. ஹூட்டு வேண்டாம், தொறந்தே இருக்கட்டும். மருதமலை ரோட்டுல திரும்பும்போது ரெண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு புடிக்கும், சங்கடப்படாதீங்க. எலுமிச்சம்பழம் வெக்கலையே... இருக்கட்டும், இருக்கட்டும். வசந்தா, தலைப்பை இழுத்துச் சொருகிக்க, காத்துல பறக்கும்.

மெதுவாப் போங்க தம்பி. இல்லை, வேகமாப் போங்க. வேகம் அவளுக்குப் புடிக்குமா, பயப்படுவாளா... எனக்குத் தெரியலீங்க. நீங்களே கேட்டுக்கங்க.